வெதுவெதுப்பான ஜெல்

"வலிக்கவே இல்லடீ" என்றாள் அக்கா.

வண்டியின் பின்பக்கப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கியபடியே, கீழே காத்திருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "என்னமோ இடி விழப் போவுதுன்னு பயமுறுத்தினியே. யாரோ விரலால சுண்டற மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். நடுவுல ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டேன்."

தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. படியின் ஓரத்தில் அவளே மாட்டி வைத்த பலகை இருந்தது. அழுகிற முகம், உம்மென்ற முகம், சிரிக்கிற முகம் என்று வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பொத்தான். சிகிச்சை முடிந்து இறங்குகிறவர் தனக்கு எப்படி இருந்ததோ அதை அழுத்த வேண்டும். அக்கா வாய் காது வரைக்கும் போகிற முகத்தை அழுத்தினாள். போதாது என்று இன்னொரு தடவையும் அழுத்தப் போனாள்.

"ஒருத்தருக்கு ஒரு தடவைதான்க்கா."

"உன் கம்பெனிதானே? இருக்கட்டும்."

எல்லா ஆஸ்பத்திரிகளாலும் சிறுநீரகக் கல்லை உடைக்கும் இயந்திரத்தை வாங்கி வைக்க முடியாது. அதனால்தான் இந்த நிறுவனம் ஓடுகிறது. ஒரு நீளமான வண்டிக்குள் இயந்திரத்தைப் பொருத்தி, இன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரி வாசல், நாளைக்கு இன்னொன்று என்று கொண்டுபோய் நிறுத்துவார்கள். நோயாளி மல்லாந்து படுப்பார். படுக்கையில் இடுப்புக்கு நேராக ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாக அடியிலிருந்து ஒரு தண்ணீர்ப் பை மேலே வந்து முதுகில் அழுந்தும். பைக்கும் தோலுக்கும் நடுவில் ஜெல். அப்புறம் டக், டக், டக் என்று அதிர்வலைகள். கத்தி கிடையாது, தையல் கிடையாது. கல் பொடியாகி, சில வாரங்களில் சிறுநீரோடு போய்விட வேண்டும்.

இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது தங்கையின் வேலை. தர மேற்பார்வையாளர் என்று அறைக்கதவில் எழுதியிருந்தது. அலுவலகத்தில் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. தரையில் ஒரு முடி கிடந்தால் அது யாருடையது என்று கேட்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள். உள்ளுக்குள் அது பிடித்தும் இருந்தது.

வண்டிக்குள் இயந்திரத்தை இயக்குகிறவருக்கு மயிலிறகு என்று பெயர். அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் ஞாபகம். அவர் கை பட்டால் மயிலிறகால் வருடுகிற மாதிரி இருக்கிறது என்று நோயாளிகள் வைத்த பெயர். "அந்த மயிலிறகுத் தம்பி இருக்கிற நாளாப் பாத்து போடுங்க" என்று ஆஸ்பத்திரிகளில் கேட்பார்கள். அக்காவுக்கும் அவர் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் தங்கை ஏற்பாடு செய்திருந்தாள். அக்கா பேக்கரியில் அடுப்பு முன்னால் நிற்கிறவள். நாள் முழுக்க வேர்த்துக் கொட்டும், குடிக்கிற தண்ணீர் அத்தனையும் வேர்வையாகப் போய்விடும். அப்படி வளர்ந்த கல். அதைத் தன் வண்டியிலேயே, தன் மேற்பார்வையிலேயே உடைத்துவிட்டோம் என்ற நினைப்பு தங்கைக்கு அன்று முழுக்க இனித்தது.

அந்த மயிலிறகுக் கை தானாக வந்ததில்லை. அதற்குப் பின்னால் பூதக்கண்ணாடியின் மூளை இருந்தது.

ஜெல் குளிரும். வண்டிக்குள் இயந்திரத்துக்காக ஏசி ஓடும். ஏற்கெனவே பயத்தில் இருக்கிறவர் முதுகில் சில்லென்ற பசை பட்டால் எப்படி இருக்கும்? ஒரு தையல்காரப் பெண்மணி துள்ளி எழுந்து, "ஐஸ் கட்டியில படுக்க வைக்கவா கூட்டிட்டு வந்தீங்க?" என்று திட்டிவிட்டுப் பாதியிலேயே போய்விட்டார். அழுகிற முகத்தை ஓங்கி அழுத்திவிட்டுத்தான் போனார். பூதக்கண்ணாடிக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது. இயந்திரத்தைப் பொருத்த வந்த நிபுணர், ஜெல்லைக் குவியலாகக் கொட்டி, மேலே ஆளை வைத்துவிட வேண்டும், கையால் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. மனிதர் கொஞ்சம் முசுடு. இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். இதுவும் அவருடைய முரட்டுத்தனத்தில் சேர்ந்தது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

புது முறையை அவளே கொண்டுவந்தாள். ஜெல் புட்டியை வெந்நீர்த் தொட்டியில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். உள்ளங்கையில் ஊற்றி, பையின் மேலும் முதுகிலும் மெல்லிசாக, வட்ட வட்டமாகத் தடவ வேண்டும். தலைவலிக்காரர் நெற்றியில் தைலம் தேய்க்கிற பக்குவத்தில். மயிலிறகை அருகில் வைத்துக்கொண்டு, தன் முன்னங்கையிலேயே தடவிக் காட்டிக் கற்றுக்கொடுத்தாள். அந்த மாதத்திலிருந்து அழுகிற முகத்தை அழுத்த ஆளில்லை. தையல்காரப் பெண்மணியே திரும்பி வந்து படுத்து, "இப்பத்தான் மனுஷங்க வேலை மாதிரி இருக்கு" என்றார். வருடாந்தரக் கூட்டத்தில் முதலாளி கைதட்டச் சொல்லி, அவளுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார். வலியைக் குறைத்த பெண்மணி என்று அதில் எழுதியிருந்தது. அது அவள் மேசையில், வருகிறவர் கண்ணில் படுகிற பக்கமாகத் திரும்பி நின்றது.

சில ஆஸ்பத்திரிகளிலிருந்து, கல் அப்படியே இருக்கிறது என்று சொல்லி வந்தார்கள். எல்லா இடத்திலும் கொஞ்சம் அப்படி நடக்கும்தான். சில கல் கெட்டிக் கல். சில ஆட்கள் பருமன். அதற்கெல்லாம் மேல் அவளிடம் ஒரு கேள்வி தயாராக இருந்தது.

"தண்ணி ஒழுங்கா குடிச்சீங்களா?"

இந்தக் கேள்விக்கு நெஞ்சில் கை வைத்து ஆமாம் என்று சொல்லக்கூடிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை. கேட்ட உடனே எதிரில் இருப்பவர் கண் கீழே போய்விடும். "அது வந்து... நடுவுல கொஞ்சம்..." என்று இழுப்பார்கள். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

சில வாரங்கள் கழித்து அக்காவின் எக்ஸ்ரே வந்தது. கல் இருந்த இடத்திலேயே குந்தியிருந்தது. ஓரத்தில் மட்டும் எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு சின்ன மூளி.

தங்கை நேராக பேக்கரிக்குப் போனாள். அக்கா அடுப்புக்குள்ளிருந்து பன் தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தாள். புருவத்தில்கூட மாவு. பக்கத்தில் இரண்டு பெண்கள் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் தங்கை ஆரம்பித்தாள்.

"எத்தன தடவ சொன்னேன்? படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா? தண்ணி குடி, தண்ணி குடின்னு. இங்க பாரு, அப்படியே இருக்கு."

"குடிச்சேன்டீ."

"குடிச்சா ஏன் இருக்கு? எங்க மெஷின் பொய் சொல்லுமா?"

அக்கா கையுறையைக் கழற்றினாள். தட்டைக் கீழே வைத்தாள். "நடுவுல ரெண்டு மூணு நாளு ஆர்டர் ஜாஸ்தியா இருந்துச்சு. அப்ப ஒருவேள கொஞ்சம்..."

"அதான்! பாத்தியா? உனக்காக நான் அங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சு, நல்ல ஆளாப் பாத்து போட்டா, நீ இப்படிப் பண்றே. நாளைக்கு எல்லாரும் என்னத்தானே கேப்பாங்க?"

ரொட்டி வெட்டுகிற பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஊரில் யாரிடமும் வாய் கொடுத்துத் தோற்காத அக்கா அன்று பதில் பேசவில்லை. தங்கையின் படிப்பின் மேலும் வேலையின் மேலும் அவளுக்கு அப்படி ஒரு மரியாதை. "சரிடீ, இனிமே பாரு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் தங்கையின் போனுக்குப் படங்கள் வர ஆரம்பித்தன. காலி தண்ணீர் பாட்டில்களின் படங்கள். காலையில் ஒன்று, அடுப்பைப் பற்ற வைத்ததும் ஒன்று, மதியம் ஒன்று. ஒரு படத்தில் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு சொட்டுகூட மிச்சமில்லை என்று நிரூபித்திருந்தாள். "மேற்பார்வையாளர் மேடம் திருப்தியா?" என்று ஒரு தடவை கீழே எழுதியிருந்தாள். தங்கை கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினாள்.

இடுப்பு வலிக்கிறது என்று அக்கா சொன்னபோது, கல் இறங்குகிறது, நல்லதுதான், இன்னும் குடி என்றாள் தங்கை.

ஒரு பிற்பகலில் அக்கா அடுப்பு முன்னாலேயே சரிந்து விழுந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. ரொட்டி வெட்டுகிற பெண்கள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தங்கை போய்ச் சேர்ந்தபோது வார்டுக்கு வெளியே டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கல்லோட ஓரத்துல இருந்து ஒரு சில்லு இறங்கி, வழியில மாட்டிக்கிச்சு. பின்னாடி சிறுநீர் தேங்கி, இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சு. உள்ள ஒரு குழாய் வச்சிருக்கேன். காய்ச்சல் இறங்கணும். இறங்கலேன்னா அந்தப் பக்கத்து கிட்னிய நம்ப முடியாது." அப்புறம் கேட்டார்: "நிறைய தண்ணி குடிச்சாங்களா என்ன? அடைப்பு இருக்கும்போது அப்படிக் குடிச்சா வலி உயிரை எடுத்திருக்குமே."

 போனுக்குள் இருந்த பாட்டில்கள் எல்லாம் தங்கைக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "அந்தக் கல்லு மேல ஒழுங்கா அடியே விழல. அவ்வளவு ஷாக் வேவ் கொடுத்தும் ஓரத்துல ஒரு சில்லுதான் போயிருக்கு. உங்க மெஷின் சரியாத்தான் இருக்கா?"

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல டாக்டர்" என்றாள் தங்கை வெடுக்கென்று. "வாராவாரம் நானே டெஸ்ட் பண்றேன்."

சொன்னது பொய் இல்லை.  வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அக்கா வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ முகத்தைத் துடைத்துவிட்டிருந்தார்கள். மாவு இல்லாத அந்தப் புருவத்தைப் பார்க்க முடியாமல் தங்கை வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் காலை வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போனாள். மயிலிறகு உள்ளே படுக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா எப்படி இருக்காங்க மேடம்?"

"காய்ச்சல் இருக்கு. நீங்க மெஷினைப் போடுங்க."

சோதனை எளிதானது. ஒரு பிளாஸ்டிக் கோப்பை, அதன் அடிப்பக்கம் மெல்லிய, ஒளி ஊடுருவும் தாள். கோப்பை நிறையத் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு வலைக் கூண்டில் பிளாஸ்டர் உருண்டை. அதுதான் பொய்க் கல். தண்ணீர்ப் பையின் மேல் கோப்பையை வைத்து அதிர்வலையை விட்டால், உருண்டை உடைந்து தூளாக வேண்டும். அவள் அலமாரியிலிருந்து புட்டியை எடுத்து, பையின் மேல் ஜெல்லை ஒரு கொத்தாகப் பிதுக்கி, கோப்பையை அதன் மேல் அமுக்கி வைத்தாள். டக், டக், டக். உருண்டை விரிந்து, பிளந்து, மாவாகத் தண்ணீரில் கலங்கியது. எல்லா வாரமும் போலவே.

"பாத்தீங்களா? மெஷின் பத்தரைமாத்துத் தங்கம்" என்றாள். சொன்ன வேகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது.

கோப்பையை எடுத்தாள். அடியில் ஜெல் கெட்டியாக, பளிங்கு மாதிரி ஒட்டியிருந்தது. கை சில்லிட்டது. அலமாரிப் புட்டி, குளிர்ந்த புட்டி. மூலையில் வெந்நீர்த் தொட்டியில் நோயாளிகளுக்கான புட்டிகள் ஆவி விட்டுக்கொண்டு நின்றன. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கோப்பைக்கு யார் வெந்நீரில் வைத்துச் சூடு பண்ணித் தடவுவார்கள்? அதற்கென்ன குளிரப் போகிறதா? இத்தனை வாரமும் கோப்பைக்கு ஒரு முறை, மனிதர்களுக்கு ஒரு முறை.



"தம்பி, நல்லாத் துடைச்சிட்டு, ஆளுங்களுக்குத் தடவற மாதிரி தடவுங்க. இந்தக் கோப்பைக்கு."

மயிலிறகு சிரித்தார். "கோப்பைக்குக் குளிருமா மேடம்?"

"தடவுங்க."

அவர் தொட்டிப் புட்டியை எடுத்து, குலுக்கி, உள்ளங்கையில் ஊற்றினார். பையின் மேல் வட்ட வட்டமாகத் தடவினார். கோப்பையின் அடியிலும் தடவினார். அழகான கை. அவள் கற்றுக்கொடுத்தது ஒரு இம்மிகூடத் தப்பவில்லை. புது உருண்டையைக் கூண்டில் போட்டு, கோப்பையை வைத்தார். அவள் குனிந்து, மேலிருந்து தண்ணீர் வழியாக அடியைப் பார்த்தாள்.

குமிழிகள். பெரிதும் சிறிதுமாக, சோப்பு நுரை காய்ந்த மாதிரி, அடி முழுக்கக் குமிழிகள். ஒவ்வொரு தடவலிலும் உள்ளே போய் மாட்டிக்கொண்ட காற்று. அதிர்வலை தண்ணீரில் போகும், சதையில் போகும். காற்றில் போகாது. இது அவள் படித்த முதல் பாடம்.

டக், டக், டக். உருண்டை அசைந்தது. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. எலி கடித்த மாதிரி. மற்றபடி அப்படியே இருந்தது.

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. வலிக்காமல் இருந்ததற்குக் காரணம் மயிலிறகின் கையும் இல்லை, அவளுடைய கேடயமும் இல்லை. அடி உள்ளே சரியாகப் போகவே இல்லை. அதனால் வலிக்கவில்லை. இத்தனை பேரும் சும்மா படுத்திருந்துவிட்டு, சிரிக்கிற முகத்தை அழுத்திவிட்டு, உடையாத கல்லோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

"என் கைதான் மேடம்" என்றார் மயிலிறகு. அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் சரியாத் தடவாம விட்டுட்டேன் போல."

இல்லை தம்பி, நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு என்று சொல்ல வேண்டிய இடம் அது.  "நான் முதலாளிகிட்ட பேசிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். தன் மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

முதலாளி கூர்மையான ஆள். பாதி சொல்லும்போதே முழுதும் பிடித்துக்கொண்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், உங்க முறை நல்ல முறை. தடவினவன் கை சரியில்ல. அவ்வளவுதானே? இனிமே கொட்டிட்டு வைக்கச் சொல்லுங்க. மயிலிறகை ஸ்டோருக்கு மாத்திடலாம், யாரும் கேக்க மாட்டாங்க."

"ஏற்கெனவே வந்துட்டுப் போனவங்க, சார்?"

"வலிச்சா வருவாங்க. வந்தா திரும்பப் பண்ணிக் கொடுத்துடுவோம். நாமளே கூப்பிட்டு, உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலன்னு சொல்லணுமா? தலையில கல்லைத் தூக்கிப் போடாதீங்க மேடம்." அது சிலேடை என்று அவருக்கே தெரியவில்லை. அவள் பக்கம் கையைக் காட்டி, "உங்க பேரையும்தான் நான் காப்பாத்தறேன்" என்றார்.

அது உண்மை என்பதுதான் அவளைச் சுட்டது. மறுத்துப் பேசாமல், யோசிக்கிறேன் என்றாள். யோசிக்க அதில் என்ன இருக்கிறது? தன் அறைக்கு வந்தபோது கேடயம் அவளைப் பார்த்து நின்றது. அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். வலியைக் குறைத்த பெண்மணி. பழியை மயிலிறகின் தலையில் கட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து இயந்திரங்களின் தரத்தைப் பார்க்கப் போகிற பெண்மணி. 

மாலை பார்வை நேரத்தில் வார்டுக்குப் போனாள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துப் படுக்கைப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்ற தங்கைக்கு எல்லாம் கேட்டது.

"என் தங்கச்சி அந்தக் கம்பெனியில பெரிய வேலை. நல்ல மெஷின், நல்ல ஆளு, எல்லாம் பாத்துப் பாத்து செஞ்சா. நான்தான் கெடுத்துக்கிட்டேன். தண்ணி ஒழுங்கா குடிக்கல. பாவம், அவளுக்குத்தான் கெட்ட பேரு."

தங்கை திரைச்சீலையை விலக்கினாள். அக்கா முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"வாடீ. கோவமா இருக்கியா? நான் குடிச்சேன்டீ, அப்புறமா நிறைய குடிச்சேன். படம் எல்லாம் அனுப்பினேனே. முன்னாடியே குடிச்சிருந்தா சரியாப் போயிருக்கும். மன்னிச்சுக்கோ."

தங்கை படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள். இதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அக்கா, உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"விடுடீ, எனக்காக சொல்லாத."

"உனக்காக சொல்லல. அன்னிக்கு உனக்கு வைத்தியமே நடக்கல. நான் சொல்லிக்கொடுத்தபடி ஜெல்லைத் தடவினதுல காத்து புகுந்து, ஷாக் உள்ளயே போகல. அதான் உனக்கு வலிக்கல. நீ வலிக்கலன்னு சொன்னப்போ நான் ஊருக்கே பீத்திக்கிட்டேன். கல்லு உடையலன்னதும் உன்னைத் திட்டினேன். அடைச்சுக்கிட்டு நீ துடிக்கும்போது இன்னும் குடின்னு சொன்னேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "மயிலிறகு தன் கைதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. நான் இன்னும் அவர்கிட்ட சொல்லல. சொல்லாம வந்து உக்காந்திருக்கேன்."

பக்கத்துப் படுக்கைப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.  அக்கா கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று தங்கைக்கு இருந்தது.

"அந்தப் பொண்ணுங்க முன்னாடி திட்டினே" என்றாள் அக்கா கடைசியில். "நான் அதுக்கு அழுதேன். உனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவற எடத்துல போய் அழுதேன்."

"அக்கா..."

"இரு. எத்தன பேர்கிட்டடீ கேட்ட, தண்ணி குடிச்சீங்களான்னு?"

தங்கை கண்ணைத் துடைத்தாள். "நிறைய பேர்கிட்ட."

"எல்லாரும் என்ன மாதிரியே நம்பிட்டுப் போயிருப்பாங்க, தப்பு அவங்க மேலதான்னு. இல்ல?"

"ம்."

"எங்கிட்ட மன்னிப்பு கேக்கறது உனக்கு சுலபம். நான் எங்க போயிடப் போறேன்? ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு மூணாவது நாள் பன்னு குடுத்து அனுப்புவேன். போய் அவங்ககிட்ட சொல்லு."

தங்கை முதலில் மயிலிறகிடம் சொன்னாள். கொட்டகை வாசலில், ஓட்டுநர்கள் இருக்கும்போதே, உங்கள் கை ஒரு தப்பும் செய்யவில்லை, நான் கற்றுக்கொடுத்ததுதான் தப்பு என்றாள். அவர் சந்தோஷப்படவில்லை. "அவங்க எல்லாம் எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனாங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். 

முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவள் பிடிவாதமாக, நீங்கள் கூப்பிடாவிட்டால் ஒவ்வொரு ஆஸ்பத்திரி டாக்டரிடமும் நானே போய்ச் சொல்வேன் என்றாள். கேடயத்தையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். கல் உடையாதவர்களைத் திரும்பக் கூப்பிட்டு இலவசமாகச் செய்வது என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம் உனக்கு இங்கே வேலை இருக்குமா என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னார். முதல் தடவையாக அவளிடம் ஒருமையில் பேசினார்.

போன் செய்வது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. சிலர் திட்டினார்கள். ஒருவர் சிரித்தார். பலர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் தண்ணி குடிக்காததால இல்லையா?" என்று கேட்டார்கள். திட்டினவர்களே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

கூப்பிடப்பட்டவர்கள் வரும் நாளில் வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. தார்ப்பாய்க்கு அடியில் நாற்காலிகள். எல்லோர் முகத்திலும் அவநம்பிக்கை. அக்காவும் வந்திருந்தாள். காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, இப்போது திரும்பச் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு இடத்தில் செய்துகொள் என்று தங்கை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"நான்தான் மொதல்ல ஏறுவேன்" என்றாள் அக்கா. "கூப்பிட்டு உக்கார வச்சிருக்கே, உன் வீட்டு ஆளே ஏறலேன்னா அவங்க எப்படி ஏறுவாங்க?"

வெந்நீர்த் தொட்டி வண்டியில் இல்லை. மயிலிறகு குளிர்ந்த ஜெல்லைப் பையின் மேல் குவியலாகக் கொட்டினார். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா அதன் மேல் படுத்ததும், "யம்மா, ஐஸு" என்று நெளிந்தாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா கையை உருவிக்கொண்டாள். "நீ வெளிய போடீ."

"இங்கயே இருக்கேன்க்கா."

"நீ பக்கத்துல நின்னா வலிக்கலன்னு சொல்லிடுவேன். போ."

தங்கை இறங்கினாள். அந்த முகப் பலகை இருந்த இடத்தில் இப்போது ஆணி மட்டும் இருந்தது. உள்ளே ஆரம்பித்துவிட்டது. முதலில் மெதுவாக, அப்புறம் வலுவாக, டக், டக், டக். வண்டியின் தகரச் சுவர் எதையும் மறைக்கவில்லை.

"ஐயோ!"

காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வலி மருந்து போட்டுத்தான் செய்கிறார்கள். ஆனாலும் சரியாக விழுகிற அடி தெரியத்தான் செய்யும். தங்கை இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறாள். சொந்த அக்காவின் குரலில் கேட்பது இப்போதுதான். கல்லின் மேல் விழுகிறது, உடைகிறது, நல்லது என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். மனது கேட்கவில்லை.

முன் வரிசையில் அந்தத் தையல்காரப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். "உள்ள யாரும்மா?" என்று கேட்டார்.

"எங்க அக்கா."

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். பாவம்."

"நிறுத்தக் கூடாதுங்க."

"எனக்கும் இப்படி வலிக்குமா?"

"வலிக்கும். ஜெல்லும் குளிரும்."

தையல்காரர் மடியில் இருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டார். எழுந்து போய்விடுவார் என்று தங்கை நினைத்தாள். அவர் போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன். தண்ணி நல்லாக் குடிச்சேன்னு சொன்னேன். நீங்க ஒரு மாதிரி சிரிச்சீங்க."

"ஆமா" என்றாள் தங்கை. "சொன்னீங்க."

உள்ளேயிருந்து, "அடியே!" என்று அக்கா கத்தினாள். அது தன்னைத்தான் என்று தங்கைக்குத் தெரிந்தது. தையல்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் குடையை எடுத்துவிட்டு, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. அக்கா கத்தி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டு கேட்டாள்.